சிங்கர் 29கே: டைமிங்கில் கை வைக்கும் முன்

கேள்வி இதுதான். சைதாப்பேட்டையில் செருப்புக் கடை வைத்திருந்த தாத்தாவின் சிங்கர் 29கே தையல் மெஷின், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேடை வரை தண்ணீரில் நின்றது. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. இப்போது பேரன் துடைத்து எடுத்து, தோல் பை, பர்ஸ் தைக்கலாம் என்று பார்க்கிறார். சக்கரம் கனமாகச் சுற்றுகிறது. நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போகிறது. அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு நிற்கிறது. தையலும் பொடிப்பொடியாக விழுகிறது, என்ன செய்தாலும் நீளமாக்க முடியவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "டைமிங் போச்சு, தலையைக் கழற்றணும்" என்று சொல்லிவிட்டார். சரி செய்வதா, விற்றுவிடுவதா?

விற்க வேண்டாம். தலையையும் இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். டைமிங் என்பது ஊசியும், அடி நூலைத் தாங்கி ஆடும் ஷட்டிலும் சந்திக்கும் நேரக் கணக்கு. தையல் மெஷினில் அது தானாக மாறாது. திருகு நழுவியிருக்க வேண்டும், பல் தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது மாற்றி வைத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன நாலு குறைகளில் முதல் மூன்றுக்கும் இதைவிட எளிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்காமல் டைமிங்கைத் திருகினால், அப்புறம் குறை இரண்டாகிவிடும்: பழையது அப்படியே இருக்கும், புதிதாக டைமிங்கும் போயிருக்கும். எது அசல் குறை என்று பிரித்துப் பார்க்கவே வழி இருக்காது.

முதலில் இது என்ன மெஷின் என்பதைச் சொல்லிவிடுகிறேன், வைத்தியம் அதைப் பொறுத்தது. 29கே-யில் வரும் 'கே' ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். 1885 முதல் 1980 வரை சிங்கர் அங்கே மெஷின் செய்தது. உங்கள் மெஷினின் எண் 'ஒய்' எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது 1920-களிலோ 30-களின் முற்பகுதியிலோ வந்தது. கிட்டத்தட்ட நூறு வயது. செருப்பு, ஷூ, பை ஆகியவற்றுக்குள் நுழைந்து ஒட்டுப் போடுவதற்கென்றே செய்த மெஷின் இது. அதனால்தான் கை மெலிந்து நீண்டிருக்கிறது.

வீட்டுத் தையல் மெஷினில் துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பல். இதில் அடியில் பல்லே கிடையாது. மேலே இருக்கும் ஃபுட்தான் தோலைக் கவ்வி, ஒரு தையல் நீளம் இழுத்து, தூக்கி, திரும்பப் போய் மறுபடி கவ்வும். அந்த ஃபுட் முழு வட்டமாகத் திரும்பும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் தைக்கும். ஊசி மட்டும் திரும்பாது. அதனால் எல்லாத் திசையிலும் தையல் ஒரே அழகில் விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சோதனை செய்யும்போது எப்போதும் ஒரே நேர்த் திசையில் தைத்துப் பாருங்கள். திசையை மாற்றி மாற்றிப் பார்த்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

சக்கரம் கனமாக இருப்பதிலிருந்து ஆரம்பிப்போம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேலே இருக்கும் சக்கரத்தை மட்டும் கையால் சுற்றுங்கள். பிறகு கீழே பெடலைத் தனியாக மிதியுங்கள். கனம் மேலேயா கீழேயா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வெள்ளத்தில் நின்ற மெஷின்களில் பாதிக் கனம் கீழேயே இருக்கும். பெடல் ஆடும் இரண்டு பக்கத்துக் கூம்புத் திருகுகளும், பெரிய சக்கரத்தின் அச்சும் துருப்பிடித்துக் கிடக்கும். அவற்றைத் தளர்த்தி, துருவைத் தேய்த்து எடுத்து, கொஞ்சம் கிரீஸ் வைத்து, ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும்.

மேலே கனமாக இருந்தால் இரண்டு காரணம். ஒன்று வண்டல். அடையாற்றுத் தண்ணீர் வற்றியபோது விட்டுப்போன மெல்லிய சேறு, மெஷின் கைக்குள் எண்ணெயோடு கலந்து காய்ந்திருக்கும். இன்னொன்று, தண்ணீருக்கு முன்பிருந்தே இருப்பது: தேங்காய் எண்ணெய். நம்மூரில் கைக்கு எட்டும் எண்ணெய் அதுதான். போட்ட அன்று மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடும். நாளாக நாளாக மஞ்சளாகப் பிசினாகும், கடைசியில் கெட்டியாகிவிடும். பழைய மெஷினில் திருகுத் தலைகளைச் சுற்றி மஞ்சள் பழுப்பாக, நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும் பூச்சு இருந்தால் அது காய்ந்துபோன பழைய எண்ணெய்தான். அதன் மேல் புது எண்ணெய் ஊற்றினால் பலன் இல்லை, முதலில் கரைத்து எடுக்க வேண்டும்.

கரைக்க மண்ணெண்ணெய் நல்லது. கிடைக்காவிட்டால் டீசலும் ஆகும், நாற்றம் மட்டும் இரண்டு நாள் வீட்டில் இருக்கும். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் சில சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் சக்கரத்தை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசையுங்கள். அசையாத இடத்தில் பலத்தைப் போடாதீர்கள். இது வார்ப்பிரும்பு. வளையாது, உடையும். பெண்கள் முடி உலர்த்தும் ட்ரையரால் அந்த இடத்தைச் சூடாக்கி மறுபடி மண்ணெண்ணெய் விட்டால் பிசின் இளகும். வெளியே கறுப்பு வண்ணத்தின் மேல் இருக்கும் தங்கப் பூ வேலையில் மட்டும் ஸ்பிரிட்டோ தின்னரோ படக் கூடாது. பூவின் மேல் பூசியிருப்பது அரக்கு. ஸ்பிரிட் துணியால் ஒரு தடவை தேய்த்தால் தங்கம் துணியோடு வந்துவிடும். அங்கே தையல் மெஷின் எண்ணெயும் பழைய பனியன் துணியும் போதும்.

கழுவி முடித்தபின் நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறுங்கள். எங்கெல்லாம் இரும்பும் இரும்பும் உரசுகிறதோ அங்கெல்லாம் ஒரு சொட்டு. தலைக்குள், கைக்குள், ஷட்டில் ஓடும் வளையத்தில். முதல் சில நாள் கறுப்பாக வழியும், துடைத்துக்கொண்டே இருங்கள்.

இனி ஊசி. என்னிடம் "டைமிங் போச்சு" என்று வரும் 29கே-களில் முதலில் நான் கழற்றிப் பார்ப்பது இதைத்தான். இந்த மெஷினுக்கு 29×3, 29×4 என்று இரண்டு வகை ஊசி. 29×3 துணிக்கும் கான்வாஸுக்கும். 29×4 தோலுக்கு, முனையே கத்தி போல வெட்டிக்கொண்டு இறங்கும். பாக்கெட்டில் 332 என்று போட்டிருந்தாலும் இதே குடும்பம்தான். இது கிடைக்காத சமயத்தில், கையில் இருக்கும் வேறு தொழில் மெஷின் ஊசியையோ வீட்டு மெஷின் ஊசியையோ மாட்டிவிடுவது நம்மூர்ப் பழக்கம். அதன் நீளம் வேறு. நீளம் மாறினால் ஊசியின் கண் நிற்கும் உயரமும் மாறும், ஷட்டில் வரும்போது அங்கே நூல் வளையம் இருக்காது. அப்புறம் அதற்கேற்ப ஊசிக் கம்பியை ஏற்றி இறக்கி வைத்திருப்பார்கள். பல வருடம் கழித்து நீங்கள் சரியான ஊசியைப் போட்டால் தையல் விடும். அதனால் பழைய ஊசியைத் தூக்கி எறியாமல் புது 29×4 ஊசியின் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் ஊசிக் கம்பியைத் தொட வேண்டியதில்லை. வித்தியாசம் இருந்தால் மெஷினின் சரித்திரமே புரிந்துவிடும்.

ஊசி மாட்டும்போது மேலே முட்டும் வரை தள்ளி இறுக்க வேண்டும். ஊசியில் ஒரு பக்கம் நீளப் பள்ளம் ஓடும், அதன் எதிர்ப்பக்கம் கண்ணுக்கு மேல் சின்னக் குழிவு இருக்கும். குழிவு உள்ள பக்கம் ஷட்டிலின் முனை வந்து தொடும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கோணலாக நின்றாலும் தையல் விடும்.

நூல் கோப்பதில் இந்த மெஷின் கொஞ்சம் விசித்திரம். மேல் நூல் ஊசிக் கம்பியின் உள்ளே புகுந்து இறங்கும். நுனியில் கொக்கி உள்ள நீளக் கம்பியை ஊசிக் கம்பிக்குள் கீழிருந்து மேலாக விட்டு, நூலை மாட்டிக் கீழே இழுக்க வேண்டும். அந்தக் கம்பி மெஷினோடு வந்திருக்கும், ஆனால் பத்தில் ஒன்பது வீட்டில் தொலைந்திருக்கும். கிதார் தந்தியிலோ மெல்லிய ஸ்டீல் கம்பியிலோ நுனியை மடித்து நீங்களே செய்துகொள்ளலாம். இதைத் தவிர்க்க நூலை வெளிப்பக்கமாகவே கொண்டுவந்து ஊசியில் கோத்துத் தைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நூல் ஃபுட்டில் உரசி அறுந்துகொண்டே இருக்கும்.

அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டால் எல்லோரும் கை வைப்பது அடி நூல் சுற்றிய பாபினில். குறை பெரும்பாலும் மேல் நூலில்தான் இருக்கும். மேல் நூலைப் பிடித்து வைக்க யாரும் இல்லாததால்தான் அது அடியில் போய்க் குவிகிறது. நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளின் இடையில் நூல் உட்காராமல் ஓரத்தில் தொத்திக்கொண்டிருக்கலாம். தட்டுக்குள் துருவோ பழைய நூல் பிசிறோ அடைத்திருந்தால் தட்டுகள் மூடாது. ஒரு பழைய விசிட்டிங் கார்டை எண்ணெயில் நனைத்துத் தட்டுகளுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள், என்னென்ன வருகிறது என்று தெரியும். அதோடு தைக்க ஆரம்பிக்கும்போது மேல், கீழ் இரண்டு நூல் நுனியையும் விரலால் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு மூன்று தையல் போட வேண்டும். விட்டுவிட்டால் மேல் நூல் நுனி உள்ளே இழுபட்டுப் போய் ஷட்டிலைச் சுற்றிக்கொள்ளும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பேருக்குக் கூடு கட்டுவது நின்றுவிடுகிறது.

டென்ஷன் சரி பார்க்க மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு இரண்டு மடிப்புத் தோலில் தைத்துப் பாருங்கள். இரண்டும் பின்னிக்கொள்ளும் முடிச்சு தோலுக்கு நடுவில் மறைய வேண்டும். மேல் முகத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் இறுக்கம் அதிகம் அல்லது அடி நூல் தளர்வு. அடி முகத்தில் சிவப்பு தெரிந்தால் நேர்மாறு. அடி நூலின் இறுக்கம் ஷட்டிலின் மேல் இருக்கும் குட்டித் தகட்டு ஸ்பிரிங்கில் இருக்கிறது. அதன் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். மிகச் சின்னத் திருகு, தரையில் விழுந்தால் கிடைக்காது. ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள்.

இப்போது தையல் விடுவது. இதை ஒரு நிமிடம் நின்று புரிந்துகொண்டால் மீதி வைத்தியம் எல்லாம் தானாக வரும். ஊசி தோலைத் துளைத்துக் கீழே கடைசி வரை போகிறது. பிறகு கொஞ்சம் மேலே எழும்புகிறது, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ஊசி எழும்பும்போது நூல் தோலில் பிடிபட்டு நின்றுவிடுவதால், ஊசியின் குழிவுப் பக்கத்தில் நூல் தளர்ந்து ஒரு சின்ன வளையமாகப் புடைக்கிறது. அந்த வளையத்துக்குள் ஷட்டிலின் முனை நுழைந்தால் தையல். நுழையாவிட்டால் விட்டுப்போகும். ஷட்டிலை மூடியிருக்கும் ஸ்லைடு தகட்டைத் திறந்து வைத்து, டார்ச் அடித்து, சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றினால் அந்த வளையம் எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆக, வளையம் எழ வேண்டும் என்றால் ஊசி மேலே வரும்போது தோல் அசையாமல் கீழேயே இருக்க வேண்டும். தோலும் ஊசியோடு சேர்ந்து எழும்பினால் நூல் தளராது, வளையம் வராது. தையல் விடுவதற்கு நான் பார்த்தவரையில் மிகப் பெரிய காரணம் இதுதான், டைமிங் இல்லை. ஊசி எழும்பும்போது ஃபுட்டைச் சுற்றித் தோல் கூடாரம் போலத் தூக்குகிறதா என்று கவனியுங்கள். தூக்கினால் ஃபுட்டின் அழுத்தம் போதவில்லை. பழைய 29கே-யில் தலைக்கு மேல் தட்டையான பட்டை ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அதை அழுத்தும் திருகை இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கே துருவேறி மெலிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

தோலின் வகையும் இதில் வரும். நம் பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல், அதாவது பழைய மதராஸ் ராஜதானியில் ஆவாரம் பட்டையில் பதனிட்டுப் பேர் வாங்கிய மரபில் வரும் தாவரப் பதனீட்டுத் தோல், விறைப்பாக இருக்கும். ஊசியோடு எழும்பாது. பைக்கும் பர்ஸுக்கும் விற்கும் மெத்தென்ற குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது, துணி போலத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் முதல் சோதனையை விறைப்பான தோல் துண்டில் செய்யுங்கள். அதில் சரியாகத் தைத்து, மெத்தென்ற தோலில் மட்டும் விட்டால், மெஷின் நன்றாக இருக்கிறது, அழுத்தமும் ஊசியும்தான் பிரச்சினை என்று அர்த்தம். மெத்தென்ற தோலின் அடியில் ஒரு தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுப்பது பழைய கைப்பழக்கம், நன்றாக வேலை செய்யும்.

ஊசி இறங்கும் தகட்டின் துளையையும் பாருங்கள். பல வருடம் ஊசி மோதி மோதி அது முட்டை வடிவில் அகன்றிருந்தால், தோல் அந்தக் குழிக்குள் அமுங்கி எழும்பும். அகன்ற துளைக்குப் புதுத் தகடுதான் வழி. கடைசியாகச் சொல்யூஷன். ஒட்டிய பசை முழுதாக உலராமல் தைத்தால் ஊசியில் ரப்பர் படிந்து, நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு வளையத்தைக் கெடுக்கும். ஊசியைத் துடைத்த துணியில் மஞ்சள் இழை வந்தால் அதுதான். ஒட்டியதை நன்றாக உலரவிட்டு மறுநாள் தைப்பது நல்லது.

ஷட்டிலை வெளியே எடுத்து அதன் முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழவழவென்று போக வேண்டும். கீறினால், ஊசி எப்போதோ அதில் மோதியிருக்கிறது. 1000 எண் எமரி தாளை எண்ணெயில் நனைத்து, முனையின் வடிவம் மாறாமல், நீளவாக்கில் மட்டும் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். முனை மழுங்கி உருண்டையாகியிருந்தால் தேய்க்க வேண்டாம், புதிது வாங்குங்கள். டூப்ளிகேட் ஷட்டில் கிடைக்கிறது. சிலது சரியாக உட்காரும், சிலது உட்காராது. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே வழி.

இதெல்லாம் செய்தும் தையல் விட்டால், இப்போது ஷட்டிலை ஆட்டும் பல்லைப் பார்க்கலாம். மெஷின் கைக்குள் நீளமாக ஒரு பல் சட்டம் முன்னும் பின்னும் ஓடி, முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. ஷட்டில் முழுச் சுற்று சுற்றாது, ஊஞ்சல் மாதிரிதான் ஆடும். அதனால் தேய்மானமும் எல்லாப் பல்லிலும் சமமாக இராமல் சில பற்களிலேயே குவியும். ஒரு கையால் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரலால் ஷட்டிலைத் தாங்கும் பகுதியை ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இந்த வயதில் சகஜம். ஷட்டிலின் முனை ஊசியைத் தாண்டி ஒரு ஊசி அகலத்துக்கு மேல் முன்னும் பின்னும் நகர்ந்தால் பல் தேய்ந்திருக்கிறது. அப்போது ஷட்டில் ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஊசி அதிகம் எழும்பிவிடும்.

அதன் பிறகுதான் டைமிங். ஊசி அடிமட்டத்திலிருந்து 2 மில்லிமீட்டர் அளவு எழும்பியபோது ஷட்டில் முனை ஊசிக்கு நேரே வர வேண்டும். அந்த நொடியில் ஊசியின் கண் அந்த ஷட்டில் முனைக்குச் சற்றுக் கீழே, 1.5 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஊசிக் கம்பியில் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடு போட்டுக்கொண்டால் அளப்பது சுலபம். கண் முனைக்கு மேலே போய்விட்டிருந்தால், ஊசிக் கம்பியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு மயிரிழை இறக்குங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டி வந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். பல்சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால், எந்தப் பல் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயிண்ட் புள்ளி வைத்து, போனில் படமும் எடுத்துக்கொண்ட பிறகே கழற்றுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஊசி ஷட்டிலில் போய் இடிக்கும்.

தையல் பொடிப்பொடியாக விழுவதற்கு இத்தனையும் மருந்தாகாது. உங்கள் நாலு குறைகளில் உண்மையான தேய்மானம் என்று நான் சந்தேகப்படுவது இதைத்தான். புதிதாக இருந்தபோது இந்த மெஷின் 5 மில்லிமீட்டர் அளவு நீளத் தையல் போட்டிருக்கும். ஃபுட்டை இழுக்கும் அசைவு தலைக்குள் இருக்கும் ஒரு வளையத்திலிருந்து முழங்கை வடிவ லீவருக்குப் போய், அங்கிருந்து ஃபுட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு தொடும் இடத்திலும் நூறு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து, கடைசியில் 3 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். நீளம் கூட்டும் திருகைக் கடைசி வரை நகர்த்தியும் ஏறாதது இதனால்தான். முதலில் அந்தத் திருகு ஓடும் பள்ளத்தில் வண்டல் அடைத்துத் தடுக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், சில நேரம் அதிர்ஷ்டம் அடிக்கும். ஃபுட் அதிக உயரம் தூக்கும்படி வைத்திருந்தாலும் நடை கெடும். மெல்லிய தோலுக்குத் தூக்கும் உயரத்தைக் குறைத்து வையுங்கள்.

இல்லை, தேய்மானம்தான் என்றால், லீவரின் தேய்ந்த நுனியில் பித்தளையைப் பற்றவைத்து மேடாக்கி, அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது உண்டு. நல்ல கை உள்ளவர் செய்தால் பழைய நீளத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றி இருக்கும் சின்ன லேத் பட்டறைகளில் இந்த மாதிரி ஒற்றை வேலை செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லீவரைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள், மெஷினை முழுதாகத் தூக்கிக்கொண்டு போனால் உங்களைப் பார்த்ததும் வேலை நேரம் இல்லை என்பார்கள். அந்த வேலை செய்வதற்கு முன் யோசியுங்கள்: பர்ஸுக்கு 3 மில்லிமீட்டர் தையல் அழகாகவே இருக்கும். பைக்குத்தான் 4-க்கு மேல் வேண்டும்.

தலையைக் கழற்றும் நாள் வந்தால் திருப்புளியில் கவனம். சிங்கர் திருகுகளின் மரை கடையில் கிடைக்கும் சாதாரணத் திருகோடு பொருந்தாது, தலையின் வெட்டும் மெல்லியது. ஆப்பு வடிவில் இருக்கும் சாதாரணத் திருப்புளி அந்த வெட்டைப் பிய்த்துவிடும். ஒரு மலிவான திருப்புளி வாங்கி, நுனியின் இரண்டு பக்கமும் இணையாக வரும்படி அரத்தில் தேய்த்து, திருகின் வெட்டில் இறுகப் பொருந்தும்படி செய்துகொள்ளுங்கள். அசையாத திருகைச் சூடாக்கி மண்ணெண்ணெய் விட்டு, முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பி, அப்புறம் தளர்த்துங்கள்.

ஊசி, பாபின், ஷட்டில் போன்றவற்றுக்குப் பாரிமுனைப் பக்கத்துத் தையல் மெஷின் ஸ்பேர் கடைகளில் கேளுங்கள். தோல், சொல்யூஷன், நூல், பை சாமான் எல்லாம் பெரியமேட்டில் ஒரே நடையில் முடிந்துவிடும். அங்கே தோல் மண்டிக்காரர்களிடம் வெட்டு மிச்சத் துண்டுகளை எடைக்குக் கேட்டு வாங்கினால், சோதனைக்கு விதவிதமான கனத்தில் தோல் கிடைக்கும். நல்ல தோலில் சோதனை செய்து காசை விரயம் பண்ணாதீர்கள்.

நூல் பாண்டட் நைலான், அதாவது இழை பிரியாமல் ஒட்டிய நைலான் வாங்குங்கள். டிக்கெட் எண் குறையக் குறைய நூல் தடிக்கும். பர்ஸுக்கு டிக்கெட் 40, ஊசி 100 அல்லது 110. பைக்கு டிக்கெட் 30 வரை போகலாம், ஊசி 110 அல்லது 120. டிக்கெட் 20 நூல் தடிப்பாக அழகாகத் தெரியும்தான், ஆனால் இந்தச் சின்ன பாபினில் அது கொஞ்ச நேரத்திலேயே தீரும், டென்ஷனும் ஒரு நிலையில் நிற்காது. பாபினில் விளிம்பு வரை நூல் சுற்றினால் ஷட்டிலுக்குள் இறுகி நிற்கும், கொஞ்சம் குறைத்தே சுற்றுங்கள். நாலைந்து பாபின் முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொண்டால் நடுவில் எழுந்திருக்க வேண்டாம்.

ஃபுட்டின் பல் தோலில் தடம் போடும். ஷூ ரிப்பேருக்கு அது யாருக்கும் தெரியாது, பர்ஸின் முகத்தில் பளிச்சென்று தெரியும். பழைய ஃபுட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு டூப்ளிகேட் ஃபுட் வாங்கி அதன் பல் நுனிகளை மட்டும் எமரியால் மழுக்குங்கள். முழுக்க வழவழப்பாக்கினால் தோலை இழுக்காது. முகம் தெரியும் பக்கத்தை அடியில் வைத்துத் தைப்பதும் ஒரு வழி, ஆனால் அப்போது அடித் தையல் அழகாக வரும்படி டென்ஷன் பிடித்திருக்க வேண்டும்.

மோட்டார் மாட்டலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். மாட்டாதீர்கள். இது காலின் வேகத்துக்குச் செய்தது. சாதாரணத் தையல் மெஷின் மோட்டாரின் வேகத்தில், ஏற்கெனவே தேய்ந்திருக்கும் பல் சட்டம் சீக்கிரமே போய்விடும். 10 மில்லிமீட்டர் கனத்தில் பெல்ட், சேணம் தைக்கும் ஆசை இருந்தாலும் இதை நம்ப வேண்டாம். அதற்கு ஜூகி 441 வகை கனரக மெஷின் வேண்டும், அல்லது குத்தூசியும் இரண்டு ஊசியும் வைத்துக் கையால் தைக்க வேண்டும். 29கே-க்கு 5, 6 மில்லிமீட்டர் வரைதான் சுகம்.

பெடல் பெல்ட் தோல் வாராக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நீண்டு வழுக்கும். கொக்கியைக் கழற்றி அரை அங்குலம் வெட்டி மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். ஆனால் அடுத்த வெயிலில் அது சுருங்கி இறுகும் என்பதால், வெட்டும்போது கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள்.